மாலை ஆறு மணிப் பசியும் பாக்கெட் சாப்பாடும்: எங்கள் வீட்டில் குறைத்த விதம்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குக் கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில், மாமியார் வீட்டு ஃப்ரிட்ஜில் சிவப்புப் பிளாஸ்டிக் தோல் போர்த்திய உருளை ஒன்று கிடந்தது. சீஸ் என்று நினைத்து இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை. அதுதான் போலோனி, கறியை அரைத்து ரொட்டிக்குள் வைக்கிற மாதிரி தொழிற்சாலையில் செய்வது. அப்புறம் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் தனிக்குடித்தனம் வந்ததும் என் வீட்டிலேயே வாரத்துக்கு ஒன்று தீர்ந்தது. அதோடு இரண்டு நிமிட நூடுல்ஸ், சூப் பவுடர், டீக்குக் கிரீமர், ஞாயிற்றுக்கிழமை இரண்டு லிட்டர் கூல்டிரிங்க். எனக்குச் சமைக்கத் தெரியும், சோம்பேறியும் இல்லை. ஆனால் வேலை முடிந்து வீட்டுக்குள் காலை வைக்கும்போது மணி ஐந்தே முக்கால், பிள்ளைகளோ இரண்டரைக்கே பள்ளியிலிருந்து வந்து பசி பசி என்று சமையலறையைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள். அந்த மூன்று மணி நேரத்தில்தான் பாக்கெட் வீட்டுக்குள் நுழைகிறது என்று எனக்குப் புரிய ஒரு வருடம் பிடித்தது. எதைச் சாப்பிடக்கூடாது என்ற பட்டியல் எல்லோரிடமும் இருக்கிறது. பசி வருவதற்கு முன்னால் சாப்பாடு தயாராக இருக்க என்ன செய்தோம் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் எதைக் குறைக்க வேண்டும் என்று தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கடையில் வாங்கும் எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வந்துவிடும். பிரேசிலில் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டெய்ரோ 2009-இல் முன்வைத்த நோவா என்ற வகைப்பாடு உணவை நான்காகப் பிரிக்கிறது: அரிசி, பருப்பு, பால், காய் மாதிரி அப்படியே கிடைப்பவை, எண்ணெய், உப்பு, சர்க்கரை மாதிரி சமையலுக்குத் துணையானவை, இவை இரண்டையும் சேர்த்துப் பதப்படுத்தியவை, நான்காவதாக, தொழிற்சாலையில் பிரித்தெடுத்த மாவுச்சத்து, புரதம், கொழுப்பு எல்லாவற்றையும் நிறம், மணம் சேர்த்து மறுபடி ஒட்டிச் செய்தவை. அல்ட்ரா ப்ராசஸ்டு என்று சொல்வது இந்த நான்காவதைத்தான். வீட்டில் நான் வைத்திருக்கும் சோதனை எளிது. பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். மால்டோடெக்ஸ்ட்ரின், குளுக்கோஸ் சிரப், எமல்சிஃபையர், ஸ்டெபிலைசர், ஃப்ளேவரிங் என்று உங்கள் அஞ்சறைப் பெட்டியில் ஒருநாளும் இருக்காத பெயர்கள் வரிசையாக வந்தால் அது நான்காவது வகை. ஒரு விதிவிலக்கு: மீலி மீல் என்ற சோள மாவுப் பையிலும் கோதுமை மாவுப் பையிலும் வைட்டமின், இரும்புச்சத்துப் பெயர்கள் இருக்கும். தென்னாப்பிரிக்காவில் 2003 முதல் சட்டப்படி சேர்ப்பவை அவை, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டின்னில் வரும் பில்சர்ட் என்ற மத்தி வகை மீனையும் நான் தொடர்ந்து வாங்குகிறேன். தக்காளிச் சாறில் போட்ட மீனை வெங்காயம், கறிவேப்பிலை, புளி சேர்த்துக் குழம்பு வைத்தால் இருபது நிமிடத்தில் சாப்பாடு. ஃப்ரோசன் பட்டாணியும் அப்படித்தான், வெறும் பட்டாணி என்றால் தாராளமாக வாங்குங்கள்.

"உப்பும் சர்க்கரையும்தானே பிரச்சனை, அதை வீட்டிலும்தானே போடுகிறோம்" என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேரை ஒரே இடத்தில் தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலை உணவும் இரண்டு வாரம் சாதாரண உணவும் கொடுத்தார்கள். தட்டில் வைத்த சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், வேண்டியதை வேண்டிய அளவு சாப்பிடலாம். தொழிற்சாலை உணவு கொடுத்த நாட்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். மெல்லத் தேவையில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும் உணவு, வயிறு போதும் என்று சொல்வதற்குள் தட்டைக் காலி செய்துவிடுகிறது என்று நான் புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு எதை மாற்றாக வைத்தாலும் மெல்ல வேண்டிய பொருளாகப் பார்த்து வைத்தேன்.

சரி, தொடங்கும் வழி. முதல் வாரம் எதையும் நிறுத்தாதீர்கள். காலியான உறை, பாட்டில், டப்பா எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள், ஒவ்வொன்றிலும் எந்த நேரத்தில் பிரித்தோம் என்று பேனாவால் எழுதுங்கள். வார இறுதியில் பையைக் கொட்டிப் பார்த்தபோது எங்கள் வீட்டில் பாதிக்கு மேல் இரண்டு இடத்தில் குவிந்திருந்தது: காலை ஆறரைக்குக் கட்டும் பள்ளி டப்பா, மதியம் மூன்று மணி. அந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். மற்றதை அப்படியே விட்டோம்.

டப்பாவிலிருந்து போலோனியை எடுப்பதுதான் கஷ்டம் என்று நினைத்தேன். இந்த நாட்டில் 2017, 2018-இல் லிஸ்டீரியா நோய் பரவி 200 பேருக்கு மேல் இறந்தார்கள், போலோனி செய்த ஒரு தொழிற்சாலைதான் மூலம் என்று 2018 மார்ச்சில் அரசு அறிவித்தது. அப்போது எல்லா வீட்டிலும் அதைத் தூக்கி எறிந்தார்கள், சில மாதத்தில் மறுபடி வாங்கினார்கள். அது கிருமியால் வந்த விபத்து, பதப்படுத்துவது வேறு விஷயம், இரண்டையும் குழப்பக் கூடாது. ஆனால் பயத்தால் நிறுத்தியது பயம் போனதும் திரும்பி வந்துவிடும் என்பதை அந்த வருடம் கண்ணால் பார்த்தேன். அதே இடத்தில், அதே ரொட்டிக்குள் வைக்க இன்னொன்று வேண்டும்.

எங்களுக்கு அது கோழி. ஞாயிறு ஒரு கிலோ கோழித் தொடையை மஞ்சள், மிளகு, இஞ்சி, உப்பு போட்டு முக்கால் மணி நேரம் வேகவைத்து, ஆறியதும் பிய்த்து வைக்கிறேன். பாதி ஃப்ரிட்ஜில், மூன்று நாளுக்குள் தீர்க்க வேண்டும், மீதி ஃப்ரீசரில். வெந்த தண்ணீர் அன்றைக்கு ரசத்துக்கு. காலையில் ஒரு கைப்பிடி எடுத்து கடுகு, வெங்காயம் தாளித்துப் பிரட்டினால் ஐந்து நிமிடம், ரொட்டிக்குள் சுருட்டி டப்பாவில் வைத்துவிடலாம். ஜனவரி, பிப்ரவரி வெயிலில் டப்பாவுக்குப் பக்கத்தில் உறையவைத்த தண்ணீர் பாட்டில் ஒன்றை வையுங்கள், மதியத்துக்குள் குடிக்கவும் ஆகும், கோழியும் கெடாது. சைவ நாளில் உருளைக்கிழங்கு மசாலா, அல்லது அவித்த பீன்ஸை வெண்ணெய் மாதிரி மசித்து எலுமிச்சை பிழிந்தது.

பீன்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீட்டில் நிஜமாக மாற்றம் வந்தது அதனால்தான். அரைக் கிலோ சுகர் பீன்ஸை, அதாவது புள்ளி போட்ட காய்ந்த பீன்ஸை, சனி இரவு ஊறவையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்றி குக்கரில் இருபது, இருபத்தைந்து நிமிடம். ஸ்லோ குக்கரில் மட்டும் போட்டு மெதுவாக வேகவைக்காதீர்கள், அரைகுறையாக வெந்த பீன்ஸ் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொடுக்கும், முதலில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதித்தாக வேண்டும். வெந்தபின் ஒன்றேகால் கிலோ அளவுக்கு வரும். நாலு டப்பாவாகப் பிரித்து, மேலே தேதி எழுதி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்கு வந்து ஒரு டப்பாவை வெந்நீரில் வைத்துவிட்டு, வெங்காயம் தக்காளி வதக்கி மசாலா போட்டால் ஆறேகாலுக்குள் பீன்ஸ் கறி. நூடுல்ஸுக்கு இரண்டு நிமிடம் என்கிறார்கள், அது நிஜமாகப் பத்து நிமிடம், அப்புறம் எட்டு மணிக்கு மறுபடி பசி. சீசனில் சாட்ஸ்வர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் பச்சையாகக் கத்ரா பீன்ஸ் கிடைத்தால் ஊறவைக்கும் வேலையும் இல்லை, வெள்ளிக்கிழமை வாங்கி உட்கார்ந்து உரித்துக்கொண்டே கதை பேசலாம்.

கறி கெட்டியாக வர சூப் பவுடர் தூவும் பழக்கம் இங்கே நிறைய வீட்டில் உண்டு. அதற்குப் பதில் அதே டப்பாவிலிருந்து ஒரு கரண்டி பீன்ஸை மசித்துக் கலந்துவிடுங்கள், குழம்பு தானாகக் கெட்டியாகும். மசாலாவை மாற்ற வேண்டியதே இல்லை. டர்பன் கடைகளில் கண் முன்னால் கலந்து கொடுக்கும் மசாலாத் தூள் வெறும் அரைத்த சரக்குதான்.

மூன்று மணிப் பசிக்கு வருகிறேன். இதில் நான் இரண்டு தடவை தோற்றேன். முதலில் பழம் வெட்டி வைத்தேன், பெரியவன் அதைத் தின்றுவிட்டு நூடுல்ஸும் தின்றான். அப்புறம் வீட்டிலேயே முறுக்கு சுட்டேன், இரண்டு நாளில் தீர்ந்தது, எனக்கு இடுப்பு போனது. கடைசியில் நிலைத்தது மூன்று பொருள். ஒன்று, தோலோடு குக்கரில் உப்புப் போட்டு அவித்த நிலக்கடலை. உரித்துத் தின்ன நேரமாகும், அதுதான் அதன் சிறப்பு. இரண்டு, பாப்கார்ன், மைக்ரோவேவ் பை வேண்டாம், வெறும் சோளம் வாங்கி, கனமான பாத்திரத்தில் இரண்டு கரண்டி எண்ணெய், அரைக் கப் சோளம், மூடி, அவ்வளவுதான். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு முழுக் கடலையும் பாப்கார்னும் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். மூன்றாவது கூழ்.

ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் புளித்த கூழ் ஊற்றும்போது வரிசையில் நின்று இரண்டு கப் வாங்கிக் குடிக்கிற பிள்ளைகள், செப்டம்பரில் அதை மறந்துவிடுகிறார்கள். மறப்பது நாம்தான். ஒரு கப் மீலி மீலைத் தண்ணீரில் கரைத்து ஒரு நாள் புளிக்கவிட்டு, நாலு கப் தண்ணீரில் கட்டி தட்டாமல் காய்ச்சி ஆறவைத்தால் பிள்ளைகள் வரும்போது தயாராக இருக்கும். அமாசியைக் கொஞ்சம் ஊற்றி, வெங்காயம், பச்சைமிளகாய். பிள்ளைகளுக்குச் சின்னதாக ஒரு துண்டு வெல்லம். அமாசி இந்த மண்ணின் புளித்த பால், நம் கெட்டித் தயிருக்கு மிக அருகில் வரும். தேங்காய், சீரகம், மிளகாய் அரைத்து அதில் கலக்கி, கொதிக்கவிடாமல் நுரை கட்டியதும் இறக்கினால் மோர்க்குழம்பே வைக்கலாம். பழச்சுவை சேர்த்த தயிர் டப்பாக்களை நான் விட்டது இதனால்தான்.

கடையில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது, யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த நாட்டில் 15 சதவீத வாட் வரி. ஆனால் அரிசி, மீலி மீல், சாம்ப் என்ற உடைத்த சோளம், காய்ந்த பீன்ஸ், பருப்பு, முட்டை, பால், அமாசி, காய், பழம், பிரவுன் பிரெட், சமையல் எண்ணெய், டின் பில்சர்ட் இவற்றுக்கு வரி கிடையாது. பல கடை ரசீதில் வரி இல்லாத பொருளுக்குப் பக்கத்தில் ஒரு குறி போட்டிருக்கும். வீட்டுக்கு வந்து ரசீதைப் பிரித்துப் பாருங்கள், குறி போட்ட வரிகள் எத்தனை, போடாதவை எத்தனை என்று. கோழி, கறி, ஓட்ஸ், சோப்பு எல்லாம் வரி உள்ள பக்கம்தான் வரும், அதைக் கழித்துவிடுங்கள். மீதி இருப்பது பெரும்பாலும் பாக்கெட்தான். எந்த ஆப்பும் வேண்டாம்.

கூல்டிரிங்க் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2018 ஏப்ரலில் சர்க்கரை வரி வந்தபிறகு, 100 மில்லிக்கு 4 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் வரி என்பதால் நிறைய கம்பெனிகள் சர்க்கரையைக் குறைத்து செயற்கை இனிப்பைச் சேர்த்தன. சர்க்கரை குறைந்தது நல்லதுதான், ஆனால் பாட்டில் இன்னும் அதே நான்காவது வகை. நாங்கள் ஞாயிறு பிரியாணிக்கு மட்டும் வைத்துக்கொண்டோம், மற்ற நாள் எலுமிச்சையும் இஞ்சியும் தட்டிப் போட்ட தண்ணீர்.

புரட்டாசி பற்றிச் சொல்லாவிட்டால் இங்கே இருப்பவர்கள் என்னை விடமாட்டார்கள். மாதம் முழுக்கக் கறி மீன் கிடையாது, சுத்த சைவம். ஆனால் பல வீட்டில் அந்த ஒரு மாதம்தான் பாக்கெட் அதிகம் வருகிறது: கொத்துக்கறி மாதிரி சுவையூட்டிய சோயா மின்ஸ், சைவ சாசேஜ், சைவ போலோனி கூட. சாமிக்கு விரதம், தொழிற்சாலைக்குக் கொண்டாட்டம். சென்ற வருடம் நாங்கள் மின்ஸுக்குப் பதில் முழு மசூர்ப் பருப்பைக் குழையாமல் வேகவைத்து, பட்டாணியும் உருளைக்கிழங்கும் சேர்த்து அதே மின்ஸ் மசாலாவில் செய்தோம். சனிக்கிழமை மடும்பி என்று இங்கே சொல்லும் சேப்பங்கிழங்கில் வறுவல்.

இதையெல்லாம் மாமியாரிடம் ஆரம்பத்தில் கொஞ்சம் உபதேசமாகச் சொல்லிவிட்டேன். அவர் முப்பது வருடம் துணி ஃபேக்டரியில் தைத்தவர். "காலையில் ஐந்து மணி பஸ்ஸுக்கு ஓடினேன், நாலு பிள்ளைக்கு டப்பா கட்டினேன். அந்தப் போலோனி இல்லாவிட்டால் அவர்கள் வெறும் பிரெட் தின்றிருப்பார்கள்" என்றார். என்னிடம் பதில் இல்லை, "சரி மா" என்று மட்டும் சொன்னேன். அதற்கு அடுத்த ஞாயிறு அவரே சனி இரவு பீன்ஸை ஊறவைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார், குக்கர் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசிக்கொண்டே எட்டு டப்பா நிரப்பினோம், நாலு அவர் வீட்டுக்குப் போனது. டீக்கு மட்டும் இன்னும் கிரீமர்தான் வேண்டும் என்கிறார், அதில் நான் தலையிடுவதில்லை.