தாயக்கட்டை உருட்டத் தெரிந்தால் போதும்

போன ஓணம் விடுமுறையில் புனலூரிலிருந்து அத்தை பிள்ளைகள் செங்கோட்டைக்கு வந்திருந்தார்கள். ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடலாம் என்று உட்கார்ந்தோம். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி வெளியான ஆட்டம். பாத்திரமேற்று ஆடும் இந்த வகைக்கே மூத்தது. நான் விதிகளை விளக்கத் தொடங்கினேன். முக்கால் மணி நேரம் கழித்து நிமிர்ந்தால் ஒருவன் தூங்கியிருந்தான், இன்னொருத்தி அடுக்களையில் பழம்பொரி தின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் புத்தகத்தைப் பரணில் போட்டுவிட்டு ஆடினோம். அந்த முறைதான் இது.

முதலில் மூன்று நான்கு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கதைசொல்லி. சூழலைச் சொல்லிவிட்டு, “நீ என்ன செய்கிறாய்?” என்று கேட்பதுதான் உங்கள் வேலை. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பதில் சொல்வார்கள். இதற்கு மேல் விளக்காதீர்கள்.

அடுத்து, பாத்திரம். துண்டுச் சீட்டில் பெயர், கைவந்த வேலை இரண்டு, பயம் ஒன்று. ஐந்து நிமிடம் போதும்.

இனி பகடை. அந்த ஆட்டத்துக்கு இருபது முகப் பகடை வேண்டும். எங்கள் கடைத்தெருவில் கேட்டால் லூடோவை எடுத்து நீட்டுவார்கள். பாட்டியின் பித்தளைத் தாயக்கட்டை இருக்க, அதை ஏன் தேட வேண்டும்? தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் நினைத்தது நடக்கும். மூன்றோ நான்கோ விழுந்தால் நடக்கும், கூடவே ஒரு தொல்லையும் வரும். இரண்டு விழுந்தால் காரியம் கெட்டது. இரண்டு கட்டைகளும் விழக்கூடிய 16 விதங்களில் 6 முழு வெற்றி, 7 அரை வெற்றி, 3 மட்டுமே தோல்வி. புதியவர்களுக்கு இந்தத் தாராளம் வேண்டும். கைவந்த வேலை என்றால் ஒருமுறை மறுபடி உருட்ட விடுங்கள். கதவைத் திறப்பதற்கெல்லாம் உருட்டச் சொல்லாதீர்கள். முடிவு இப்படியும் அப்படியும் போகக்கூடிய இடத்தில் மட்டும் உருட்டினால் போதும்.

கதைக்கு டிராகன் வேண்டாம், தெரிந்த இடமாக இருக்கட்டும். நாங்கள் எடுத்துக்கொண்டது கழுதுருட்டி பதிமூன்று கண் பாலம்: மழை இரவு, லாரி நின்றுவிட்டது, மேலே தண்டவாளத்தில் ஒரு விளக்கு தானாக நகர்கிறது. பழம்பொரிக்காரிதான் லாரி கிளீனர்.

“நான் தூணைப் பிடித்து ஏறிப் பார்க்கிறேன்” என்றாள். உருட்டினாள், மூன்று.

“ஏறிவிட்டாய். ஆனால் டார்ச் கீழே விழுந்துவிட்டது. விளக்கு இப்போது உன்னை நோக்கி வருகிறது. என்ன செய்கிறாய்?”

தூங்கியவன் எழுந்து உட்கார்ந்தான். இந்த அரை வெற்றிதான் கதையை இழுத்துக்கொண்டு போகும். தொல்லைகளை முன்கூட்டியே நாலைந்து யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பாதி மலையாளத்தில் பேசினால் பேசட்டும், ஆரியங்காவு வழியாக ஓடும் லாரியில் கிளீனர் வேறெப்படிப் பேசுவான்?

ஒன்றரை மணி நேரத்தில் நிறுத்திவிடுங்கள், விளக்கைப் பிடித்திருப்பது யார் என்று தெரியாவிட்டாலும் சரி. மூன்று நான்கு முறை ஆடிய பிறகு புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கலாம். புத்தகம் இல்லாதவர்களுக்கு அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.