கால்சியம் ஏறவில்லையா? உடனே கால்சியத்தை ஊற்றாதீர்கள்

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில் கால்சியம் 360 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அலகு) என்று குறைவாக டெஸ்ட் கிட் காட்டுகிறது. உடனே கால்சியம் குளோரைடைக் கரைத்து ஊற்றிவிடுகிறார்கள். மறுநாள் பார்த்தால் எண் அதே இடத்தில்தான் நிற்கிறது, ஹீட்டர் மேல் மட்டும் வெள்ளையாகச் சுண்ணாம்பு. ஊற்றியது அங்கேதான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

முதலில் உப்பைப் பாருங்கள். கடல்நீரில் உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) இருந்தால் கால்சியம் 410 முதல் 420, மெக்னீசியம் 1280 முதல் 1300 பிபிஎம் இருக்கும். தொட்டியில் உப்பு 30க்கு இறங்கினாலே கால்சியமும் 360க்கு வந்துவிடும். அப்போது போட வேண்டியது உப்பைத்தான். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்.ஓ. தண்ணீரில் மட்டும் சரிபார்த்தால் போதாது, 35 பிபிடி கரைசலிலும் பார்க்க வேண்டும்.

உப்பு சரியா? அப்புறம் மெக்னீசியம். பலர் இதைச் சோதிப்பதே இல்லை. சுண்ணாம்புப் படிகம் உருவாகும்போதே அதன் மேல் ஒட்டிக்கொண்டு, வளரவிடாமல் தடுப்பது மெக்னீசியம்தான். அது வெகுவாகக் குறைந்துவிட்டால் கால்சியத்தையும் காரத்தன்மையையும் (தண்ணீரில் உள்ள பைகார்பனேட், கார்பனேட் அளவு) ஒருசேரச் சரியான அளவில் நிறுத்தி வைக்கப் படாதபாடு பட வேண்டும். அதனால் மெக்னீசியத்தை முதலில், சில நாட்களில் மெதுவாக, 1300 பக்கம் கொண்டுவாருங்கள். மலிவு என்று எப்சம் உப்பை (மெக்னீசியம் சல்பேட்) மட்டும் போட்டுக்கொண்டே இருந்தால் சல்பேட் சேர்ந்துவிடும். மெக்னீசியம் குளோரைடே பெரும்பங்காக இருக்கட்டும்.

அளவிலும் தவறு நடக்கிறது. 200 லிட்டர் தொட்டி என்றால், பாறையும் மணலும் போக உள்ளே 160 லிட்டர் தண்ணீர்கூட இருக்காது. 160 லிட்டருக்குக் கால்சியத்தை 20 பிபிஎம் ஏற்ற, டைஹைட்ரேட் வகை (நீர் மூலக்கூறு சேர்ந்த) கால்சியம் குளோரைடு சுமார் 12 கிராம் போதும்.

கால்சியக் கரைசலை ஊற்றிய கையோடு அதே இடத்தில் காரத்தன்மையை ஏற்றும் கரைசலையும் ஊற்றினால் தண்ணீர் பாலாகத் திரியும். இரண்டுக்கும் நடுவே நேரம் விடுங்கள். பவளம் 20 பிபிஎம் கால்சியம் எடுக்கும்போது காரத்தன்மை 2.8 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு) இறங்கும். கால்சியத்தில் அது சிறு பங்கு, காரத்தன்மையில் பெரும்பங்கு. ஆகவே அடிக்கடி சோதிக்க வேண்டியது காரத்தன்மையை. கால்சியத்துக்கு வாரம் ஒருமுறை போதும். டெஸ்ட் கிட் சிரிஞ்சில் காற்றுக் குமிழி இருந்தால் அந்த அளவை நம்பாதீர்கள்.

'போர் தண்ணீரில் கால்சியம் இருக்கிறதே' என்று ஆவியான தண்ணீருக்குப் பதில் அதை விடுபவர்களும் உண்டு. அதோடு நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் வந்து சேரும், பாசி மண்டிவிடும். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் விடுங்கள்.