ரத்த ரிப்போர்ட்டை ஏஐயிடம் காட்டும் முன்

காரைக்குடி லேபில் வாங்கிய அப்பத்தாவின் ரத்த ரிப்போர்ட்டை போனில் படம் பிடித்து சாட்ஜிபிடியிடம் விளக்கம் கேட்கப் போகிறீர்களா? பெயர், போன் நம்பர் இருக்கும் மேல்பகுதியை முதலில் மடித்துவிடுங்கள். தாளை முற்றத்து வெளிச்சத்தில் சுருக்கமில்லாமல் விரித்து, நேர் மேலிருந்து எடுங்கள். டியூப்லைட் பளபளப்பு விழுந்தால் புள்ளி மறைந்து, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.2 என்பது 12 ஆகிவிடலாம். அப்படி ஆனால், அப்புறம் வரும் விளக்கமும் தப்பாகிவிடும். அதனால், "எண்களை அலகோடும் லேபின் இயல்பு அளவோடும் அட்டவணையாகப் போடு" என்று கேட்டு, தாளோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். இந்த ஒப்பிடும் வேலையை மட்டும் விட்டுவிடவே கூடாது.

கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 என்று பார்த்ததும் வெள்ளைப் பணியாரத்தோடு அப்பத்தாவுக்கு இருக்கும் உறவை முறித்துவிடாதீர்கள். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் அந்த எண் கூடுதலாகக் காட்டலாம். ஹீமோகுளோபின், வயது, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாம் சேர்த்துச் சொன்னால்தான் பதில் உருப்படியாக வரும். டாக்டரிடம் கேட்க மூன்று கேள்வி எழுதித் தரச் சொல்லுங்கள். அதில் ஏஐ கெட்டி. கையால் எழுதிய மருந்துச்சீட்டை மட்டும் காட்ட வேண்டாம். ஒரே மாதிரி தெரியும் மருந்துப் பெயர்களை மாற்றிப் படித்துவிடலாம், மருந்துக்கடையிலேயே கேளுங்கள்.