லோங்ஜி அடுக்கு வயல்களில் பிள்ளைகளோடு நடக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்சீனாவின் குவாங்சியில், குய்லின் நகரிலிருந்து சாலை வழியாக இரண்டு, இரண்டரை மணி நேரம் போனால் லோங்ஜி மலை வரும். 'டிராகனின் முதுகெலும்பு' என்று பொருள். யுவான் பேரரசுக் காலத்தில் (13, 14ஆம் நூற்றாண்டு) வெட்டத் தொடங்கிய நெல்வயல்கள் அடுக்கடுக்காக 1,100 மீட்டர் உயரம் வரை ஏறுகின்றன.

பெரும்பாலானோர் முதலில் தவறுவது மாதத்தில்தான். கண்ணாடிச் சில்லுகளாக மின்னும் வயல் படங்களைப் பார்த்துவிட்டு டிசம்பரில் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். குளிர்காலத்தில் அப்படி மின்னுவது யுன்னான் மாநிலத்து யுவான்யாங். அங்கே ஹானி மக்கள் அறுவடைக்குப் பிறகும் வயலில் தண்ணீர் கட்டி வைப்பார்கள். லோங்ஜியில் தண்ணீர் ததும்புவது மே கடைசியிலும் ஜூனிலும், நடவு நேரத்தில். ஜூலை, ஆகஸ்டில் பச்சை. செப்டம்பர் கடைசியில் கதிர் பழுத்துப் பொன்னிறமாகும். ஒரே போகம்தான், அக்டோபர் நடுவுக்கு மேல் போனால் அரிதாள்தான் மிஞ்சியிருக்கும். பொன்னிறம் பார்க்க ஆசைப்பட்டு அக்டோபர் முதல் வாரத்தில் மட்டும் போய்விடாதீர்கள். தேசிய தின விடுமுறைக் கூட்டத்தில் பிள்ளைகளின் கையை விடவே முடியாது.

சக்கரப் பெட்டி வேண்டவே வேண்டாம். வண்டி நிற்குமிடத்திலிருந்து மேலே எல்லாம் கற்படிகள். பெரிய பெட்டியைக் குய்லின் விடுதியிலேயே ஒப்படைத்துவிட்டு, முதுகுப்பையில் இரண்டு நாள் துணி எடுத்துக்கொண்டால் போதும். இரண்டு நாள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். காலையில் போய் மாலையில் திரும்பும் திட்டத்தில் பிள்ளைகள் பேருந்தைத்தான் அதிகம் பார்ப்பார்கள். பகலெல்லாம் மூடியிருந்த பனி விடியலில் கலைவதும் உண்டு. அதைக் காண மலையில் ஓர் இரவு தங்கியாக வேண்டும்.

யாவோ மக்களின் தாஜாய் ஊரிலிருந்து ஜுவாங் மக்களின் பிங்ஆனுக்கு நடக்க நான்கைந்து மணி நேரம் ஆகும். சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். மதியத்துக்கு மேல் கிளம்பாதீர்கள். மழை பெய்தால் பாசி பிடித்த கல் வழுக்கும். தேய்ந்த செருப்போடு இறங்கக் கூடாது. முழு வழியும் முடியாது என்று தோன்றினால், தாஜாயில் கேபிள் காரில் ஏறி, நடந்து இறங்குங்கள். அதுவே நிறைவான நடை.

எனக்கு மனம் பொறுக்காதது ஒன்று உண்டு. படம் எடுப்பதற்காக வரப்பில் இறங்குவது. அங்கே மேல் வயலில் நிரம்பிய தண்ணீர்தான் மடை வழியாகக் கீழ் வயலுக்கு வருகிறது. ஈர வரப்பு ஓரிடத்தில் சரிந்தால் மேலே தண்ணீர் வடியும், கீழே நாற்று மண்ணில் புதையும். சில வயல்கள் ஒரு பாய் அகலம்கூட இருக்காது. எருமையாலும் மண்வெட்டியாலும் உழும் நிலம் அது. பிள்ளைகளிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்: கல் பாதை நமக்கு, வரப்பு அவர்களுக்கு.

சைவக் குடும்பங்கள், மூங்கில் குழாயில் அடைத்து வேகவைக்கும் மூங்கில் சோற்றை விசாரிக்காமல் வாங்க வேண்டாம். பன்றி இறைச்சி சேர்ப்பதுண்டு, கீரையைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்குவதுண்டு. இறைச்சியும் கொழுப்பும் வேண்டாம் என்பதைச் சீன எழுத்தில் கைபேசியில் வைத்திருந்து, அடுப்பில் ஏற்றும் முன்பே காட்டுங்கள்.