அடிபட்டுத் தேறி வந்த கார் வாங்கப் போகிறீர்களா?

அமெரிக்காவில் பெரிய விபத்தில் சிக்கி, இன்சூரன்ஸ் கம்பெனி முழு நஷ்டம் என்று ஒதுக்கிய பிறகு சரிசெய்த வண்டி என்றால் பொதுவாக உரிமைப் பத்திரத்திலேயே அது பதிவாகிவிடும். நம்ம ஆர்சியில் அப்படி ஒரு வரியே கிடையாது, நாமேதான் குனிந்து தேட வேண்டும்.

முதலில் இன்சூரன்ஸ். ரிப்பேர் செலவு ஐடிவியில் (பாலிசியில் காருக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது முழு நஷ்டம் என்று கணக்கு. ஒரே ஓனர் கையில் பல வருடம் இருந்த காருக்கு நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) பூஜ்யம் என்றால் பெரும்பாலும் ஏதோ கிளைம் போயிருக்கிறது, எதற்கென்று கேளுங்கள்.

அப்புறம் பானட்டைத் திறந்து கீல் போல்ட்டுகளைப் பாருங்கள், பெயின்ட் உரிந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது. கதவு ரப்பரை இழுத்தால் உள்ளே வெல்டிங் புள்ளிகள் வரிசையாக, ஒரே அளவில் இருக்க வேண்டும். மேலே பட்டி பூசி மறைப்பது டிங்கரிங் கடைக்குச் சின்ன வேலை, ஆனால் இந்தப் புள்ளிகளை அப்படியே கொண்டுவருவது கஷ்டம். டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியிலும் பாருங்கள்.

2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லை, சென்னை எல்லாம் மூழ்கின. அந்தப் பக்கத்து வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், அடியில் சேறு தங்கியிருக்கலாம்.

சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையா? அப்போதே கிளம்பிவிடலாம், விலை பேசவே வேண்டாம்.

ரிங் ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வீல் அலைன்மென்ட் கடையில் ஏற்றி, அளவுத் தாளைக் கையோடு வாங்குங்கள். எவ்வளவு திருப்பியும் அளவுக்குள் வராவிட்டால் அடிச்சட்டம் வளைந்திருக்கலாம்.