காவல்துறை ஆவணங்களை ஆர்.டி.ஐ.யில் கேட்பது எப்படி: காவலரின் அந்தரங்கத்தைத் தொடாமல் கேள்வி எழுதும் முறை

காவல் நிலையத்தில் நடந்த ஒரு சம்பவம் பற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) தகவல் கேட்டு மனு போட்டால், பலருக்கு வருகிற பதில் ஒற்றை வரிதான்: "கோரப்பட்ட தகவல் தனிநபர் சார்ந்தது என்பதால் பிரிவு 8(1)(ஜே)-ன் கீழ் வழங்க இயலாது." அதைப் பார்த்ததும் மனுவை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். வைக்க வேண்டியதில்லை. ஆனால் கேட்ட விதத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

காவலர் சீருடையில் செய்த வேலையைப் பற்றி அறிய நமக்கு உரிமை இருக்கிறது. அவர் வீடு எங்கே இருக்கிறது, பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படிக்கிறார்கள், அவருக்கு என்ன நோய் என்பதில் நமக்கு வேலையே இல்லை. ரவுடிகளைப் பிடித்து உள்ளே வைக்கிற ஒருவரின் வீட்டு முகவரி வெளியே போனால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்த இரண்டையும் பிரித்து எழுதப்பட்ட மனுவை மறுப்பது கடினம். அப்படி எழுதுவது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு.

படி 1: மனு தேவையா என்று முதலில் பாருங்கள்

சில ஆவணங்களுக்கு ஆர்.டி.ஐ. வரை போகவே வேண்டாம். நீங்கள் புகார் கொடுத்தவர் என்றால் எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 193-வது பிரிவு சொல்கிறது.

மூன்றாம் ஆளாக இருந்தாலும் எஃப்.ஐ.ஆர். பார்க்கலாம். பதிவு செய்த 24 மணி நேரத்துக்குள், தவிர்க்க முடியாவிட்டால் 72 மணி நேரத்துக்குள், அதைக் காவல்துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், போக்சோ, தீவிரவாதம் போன்ற வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. அப்படி ஏற்றாமல் விடும் முடிவையும் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரிதான் எடுக்க முடியும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒருவரைப் போலீஸ் அழைத்துப் போய்விட்டது, எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை என்றால், ஆர்.டி.ஐ. மனுவை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். உயிர், சுதந்திரம் சார்ந்த தகவலை 48 மணி நேரத்தில் தர வேண்டும் என்று சட்டம் சொல்வது உண்மைதான். ஆனால் அந்தச் சூழலில் 48 மணி நேரமே அதிகம். உடனே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது அவரை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லும் மனு, போடுவதுதான் வழி.

படி 2: எது திறந்த பக்கம், எது மூடிய பக்கம்

திறந்த பக்கத்தில் நாம் நினைப்பதைவிட அதிகம் இருக்கிறது. அதிகாரிகள், ஊழியர்களின் பெயர்ப் பட்டியல், அவர்களின் மாதச் சம்பளம் ஆகியவற்றை யாரும் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் 4-வது பிரிவு சொல்கிறது. கைது செய்யும் காவலர் தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும். ஆகவே "பணியில் இருந்தவர் யார்" என்பது ரகசியம் ஆகாது. பணிப் பட்டியல், நிலையத்தின் பொது நாட்குறிப்பு (நிலையத்தில் அன்றாடம் நடப்பதைப் பதியும் ஏடு), கைதுக் குறிப்பாணை, கேமரா பதிவு எல்லாம் வேலையின் தடயங்கள். தயங்காமல் கேட்கலாம்.

மூடிய பக்கம்: வீட்டு முகவரி, சொந்தத் தொலைபேசி எண், மருத்துவ விவரம், குடும்ப விவரம். இவற்றோடு, ஒருவரின் உயிருக்கு ஆபத்து வரக்கூடிய தகவலும், போலீசுக்கு நம்பிக்கையில் துப்புக் கொடுத்தவரைக் காட்டிக் கொடுக்கும் தகவலும் 8(1)(ஜி) பிரிவில் வருகின்றன. துப்புக் கொடுத்தவர் பெரும்பாலும் நம்மைப் போல ஒரு சாதாரண ஆள்தான். இந்தப் பிரிவைப் போலீசுக்கான சலுகை என்று மட்டும் பார்க்காதீர்கள். வழக்கு நாட்குறிப்பையும், அதாவது ஒரு வழக்கின் விசாரணையை அதிகாரி நாள்தோறும் எழுதி வைக்கும் குறிப்பையும், கேட்க வேண்டாம். அதைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கே தர வேண்டியதில்லை என்று சட்டம் தனியாகச் சொல்கிறது.

நடுவில் சிக்கலான ஒரு பகுதி இருக்கிறது: காவலர் மீதான துறை நடவடிக்கை. காவல்துறைக்குள் 3(ஏ), 3(பி) என்று சொல்வார்களே, அந்த சார்ஜ் மெமோ (குற்றச்சாட்டுக் குறிப்பாணை) விவகாரம். ஓர் அரசு ஊழியருக்குக் கொடுக்கப்பட்ட மெமோ, தண்டனை ஆணை போன்றவை தனிப்பட்ட தகவல்தான் என்று 2012-ல் கிரிஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரிய பொதுநலன் இருந்தால் தரலாம் என்றும் சொன்னது. 2019-ல் அரசியல் சாசன அமர்வும் ஏறக்குறைய இதே வழியில் போய், அந்தரங்கத்தையும் பொதுநலனையும் ஒவ்வொரு வழக்கிலும் எடை போட வேண்டும் என்றது.

அப்புறம் வந்ததுதான் பெரிய மாற்றம். 8(1)(ஜே) பிரிவில் முன்பு "பொதுப் பணியோடு தொடர்பில்லாத" என்ற வரையறையும், "பெரிய பொதுநலன் இருந்தால் தரலாம்" என்ற வாசலும் இருந்தன. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவற்றை எடுத்துவிட்டு, தனிநபர் தகவல் என்றாலே விலக்கு என்று சுருக்கிவிட்டது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. இது நல்ல மாற்றம் என்று எனக்குத் தோன்றவில்லை. பெயர் இருக்கிற எந்தக் காகிதத்தையும் மறைக்க இடம் கொடுக்கிறது. ஆனால் 8(2) பிரிவு இன்னும் உயிரோடு இருக்கிறது. வெளியிடுவதால் வரும் பொதுநலன், பாதிப்பைவிடப் பெரியது என்றால் விலக்கு பெற்ற தகவலையும் தரலாம் என்கிறது அது. இனி நம் மனுக்கள் நிற்க வேண்டிய தரை இதுதான்.

படி 3: கேள்வியை எழுதுவது

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். முதலில் பயன்படாத கேள்வி எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

"இந்த எஸ்.ஐ. ஏன் என் தம்பியை அடித்தார்? அவர் மீது இதுவரை எத்தனை புகார்? அவருடைய பணிப் பதிவேடு முழுவதையும் தரவும்."

கோபம் நியாயமாக இருக்கலாம். ஆனால் மூன்று கேள்வியும் விழுந்துவிடும். "ஏன்" என்பதற்குப் பதில் சொல்லும் கடமை தகவல் அலுவலருக்கு இல்லை. கையில் இருக்கும் ஆவணத்தைத் தருவதுதான் அவர் வேலை. இரண்டாவதும் மூன்றாவதும் ஆளைக் குறிவைக்கின்றன, நேராக 8(1)(ஜே)-யில் போய் மாட்டும்.

அதே விஷயத்தை இப்படிக் கேளுங்கள்:

"1. ____ காவல் நிலையத்தில் 12.3.2026 மாலை 6 மணி முதல் இரவு 11 மணி வரை பணியில் இருந்தவர்களின் பெயர், பதவி அடங்கிய பணிப் பட்டியலின் நகல்.

2. அதே நேரத்துக்கான பொது நாட்குறிப்புப் பதிவுகளின் நகல்.

3. அதே நேரத்தில் நிலைய வாயில், வரவேற்பறை, நடைபாதை, லாக்கப்புக்கு வெளியே உள்ள கேமராக்களின் பதிவு, பென்டிரைவில்.

4. 14.3.2026 அன்று நான் கொடுத்த புகார் மனு மீது எடுத்த நடவடிக்கை பற்றிய ஆவணங்கள், விசாரணை அறிக்கை ஆகியவற்றின் நகல்.

5. இந்த நிலையத்தின் அலுவலர்கள் மீது 2023 முதல் 2025 வரை வந்த புகார்கள், அவற்றில் துறை நடவடிக்கை எடுக்கப்பட்டவை, நிலுவையில் உள்ளவை ஆகியவற்றின் எண்ணிக்கை. பெயர்கள் தேவையில்லை.

மேற்கண்டவற்றில் பாதிக்கப்பட்டோர், சாட்சிகள், தகவல் தந்தோரின் அடையாளமோ, அலுவலர்களின் வீட்டு முகவரி, சொந்தத் தொலைபேசி எண் போன்றவையோ இருந்தால், பிரிவு 10-ன்படி அவற்றை நீக்கிவிட்டு மீதியை வழங்கவும்."

கடைசிப் பத்தியைக் கட்டாயம் சேருங்கள். மறைக்க வேண்டியதை நாமே முன்வந்து மறைக்கச் சொல்லிவிட்டால், முழு ஆவணத்தையும் மறுக்கக் காரணம் கிடைக்காது. பிரித்துத் தர முடிகிறதைப் பிரித்துத் தர வேண்டும் என்பதுதான் 10-வது பிரிவு.

ஐந்தாவது கேள்விக்கு "அப்படித் தொகுத்து வைக்கவில்லை" என்று பதில் வரலாம். அப்போது பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். பார்வையிடுவதும் இந்த உரிமைக்குள் அடங்கும்.

காரணம் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை என்று 6(2) பிரிவு சொல்கிறது. இருந்தாலும் காவல்துறை மனுவில் பொதுநலனை இரண்டு வரியில் எழுதிவிடுங்கள் என்பேன். 8(2)-ன் கீழ் எடை போடும்போது அந்த இரண்டு வரி உங்கள் தட்டில் விழும்.

கேமரா பதிவு விஷயத்தில் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். எல்லாக் காவல் நிலையங்களிலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், அதற்கான கருவி கிடைக்காவிட்டாலும் ஓர் ஆண்டுக்குக் குறையக் கூடாது என்று 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனாலும் கருவி பழுது, பழைய பதிவு அழிந்துவிட்டது என்ற பதில்கள் வரத்தான் செய்கின்றன. ஆர்.டி.ஐ. மனுவோடு, "இந்த நேரத்துப் பதிவை அழியாமல் பாதுகாக்கவும்" என்று எஸ்.பி.க்கோ ஆணையருக்கோ தனியாக ஒரு கடிதமும் அனுப்பிவிடுங்கள். பிறகு அழிந்துபோனாலும், பாதுகாக்கச் சொல்லி நீங்கள் கேட்டதற்கு அது சாட்சி.

படி 4: அனுப்புவது

பொதுத் தகவல் அலுவலர், மாவட்டக் காவல் அலுவலகம் (மாநகரம் என்றால் காவல் ஆணையர் அலுவலகம்) என்று எழுதினால் போதும், அவர் பெயர் தெரிய வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கட்டணம் 10 ரூபாய்; கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டலாம். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அலுவலகம் மாறிப் போனாலும் 5 நாளில் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டியது அவர்கள் பொறுப்பு.

படி 5: காத்திருக்கும்போது நடப்பது

பொதுவாக 30 நாள். அதற்குள் "மூன்றாம் தரப்பினரிடம் கருத்துக் கேட்கப்பட்டுள்ளது" என்று ஒரு கடிதம் வந்தால் பதற வேண்டாம். நீங்கள் கேட்டது அந்தக் காவலர் ரகசியமாகக் கருதும் தகவல் என்றால், 11-வது பிரிவின்படி அவருக்கு நோட்டீஸ் போகும். பதில் சொல்ல 10 நாள். அது அவருக்கான நியாயம். நம்மைப் பற்றிய ஆவணத்தை யாராவது கேட்டாலும் நமக்கும் அதே உரிமை உண்டு. ஆனால் அவர் "தரக் கூடாது" என்று சொல்வதாலேயே கதவு மூடிவிடாது. முடிவு தகவல் அலுவலருடையது. இந்த வழியில் போனால் மொத்தம் 40 நாள் ஆகும்.

படி 6: மறுத்தால்

மறுப்பு வந்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. பதிலே வராவிட்டாலும் இதே வழிதான். தமிழ்நாட்டில் இதற்குக் கட்டணம் இல்லை.

"விசாரணை நடப்பதால் தர இயலாது" என்று 8(1)(எச்) காட்டினால் இப்படி எழுதுங்கள்:

"விசாரணை நடக்கிறது என்பது மட்டுமே மறுக்கக் காரணம் ஆகாது, தகவலைத் தருவதால் விசாரணை எப்படித் தடைபடும் என்பதைக் காட்ட வேண்டும் என்று பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2007-ல் தீர்ப்பளித்துள்ளது. எனக்கு வந்த பதிலில் அப்படி எந்தக் காரணமும் இல்லை. மறுப்பை நியாயப்படுத்தும் பொறுப்பு பிரிவு 19(5)-ன்படி தகவல் அலுவலருடையது."

8(1)(ஜே) காட்டினால், கேட்டது பணி நேரத்துப் பணி ஆவணம் என்பதையும், தனிப்பட்ட விவரங்களை நீக்கச் சொல்லி நீங்களே எழுதியதையும், 8(2)-ன் கீழ் பொதுநலன் எடை போடப்படவில்லை என்பதையும் வரிசையாகச் சுட்டுங்கள்.

உளவுப் பிரிவு போன்று அரசு விலக்கு அளித்த அமைப்புகள் "எங்களுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது" என்று பதில் போடும். ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு என்றால் அந்த விலக்கு செல்லாது என்று 24(4) பிரிவிலேயே இருக்கிறது. மனித உரிமை மீறல் தகவலைத் தகவல் ஆணையத்தின் ஒப்புதலோடு 45 நாளில் தர வேண்டும்.

முதல் மேல்முறையீட்டிலும் கிடைக்காவிட்டால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்குப் போகலாம். காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் போட முடியும். விசாரணைக்கு வர நாளாகும், பொறுமை வேண்டும்.

படி 7: ஆவணம் கைக்கு வந்த பிறகு

வாட்ஸ்அப்பிலோ ஃபேஸ்புக்கிலோ போடுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் படியுங்கள். அலுவலகத்தில் நீக்காமல் விட்டது ஏதாவது இருக்கும்: ஓரத்தில் ஒரு செல் நம்பர், சாட்சியின் தந்தை பெயர், காவலர் குடியிருப்பு முகவரி. அவற்றை மறைப்பது இப்போது உங்கள் பொறுப்பு. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பகிர்ந்தது நல்ல நோக்கத்தில்தான் என்று சொல்லித் தப்ப முடியாது.

மறைப்பதிலும் கவனம் வேண்டும். பி.டி.எஃப். கோப்பில் எழுத்தின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்தால் போதாது. கட்டத்துக்கு அடியில் இருக்கும் எழுத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்துவிடலாம். காகிதத்தில் அச்செடுத்து, தடித்த மார்க்கரால் அடித்து, அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸை வெளிச்சத்தில் பிடித்து எழுத்து தெரியவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு ஸ்கேன் செய்யுங்கள்.