அள்ளிய குப்பை எங்கே போகும்? கடற்கரையைச் சுத்தம் செய்ய ஆள் திரட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு புதிய குழு கடற்கரையைச் சுத்தம் செய்கிறது என்று கேள்விப்பட்டு நானும் போனேன், பொறுப்பு எதுவும் இல்லாமல், சும்மா குனிந்து பொறுக்க. பத்தரை மணிக்கு எல்லாரும் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒருங்கிணைத்த பையனிடம், "இதையெல்லாம் யாருப்பா எடுத்துக்கிட்டுப் போறாங்க?" என்றேன். "வண்டி வரும்னு சொல்லியிருக்காங்கண்ணா" என்றான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏழு வருடத்துக்கு முன்னால் நானும் இதே பதிலைத்தான் சொன்னேன்.

தொப்பி, தண்ணீர், செருப்பு பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

கடலைக் கேட்காமல் தேதி குறிப்பது

பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். அந்த நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். போன சனிக்கிழமை எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தோம், மணல் அகலமாகக் கிடந்தது, வரும் சனிக்கிழமையும் எட்டு மணிக்கே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தால், ஒரு வாரத்தில் அது ஏறக்குறைய ஆறு மணி நேரம் நகர்ந்து, நீங்கள் வரும்போது அலை உங்கள் காலடியில் நிற்கும். அந்த இடத்தில் கடல் ஏறும், வற்றும் நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பாருங்கள். கடல் வற்றி முடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகத் தொடங்கினால் சரியாக இருக்கும்.

குப்பைக்குப் போக்கிடம் பார்க்காமல் ஆள் சேர்ப்பது

எனக்கு இன்னமும் எரிச்சல் தருவது இதுதான். நான் முதன்முதலில் ஒருங்கிணைத்தபோது எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு ஆட்கள் வந்தார்கள், தொண்ணூறு சாக்குக்கு மேல் நிரம்பியது. வண்டி அனுப்புவதாக ஓர் அலுவலகத்தில் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் அன்று விடுமுறை, வண்டிக்காரருக்கோ விஷயமே தெரியாது. மாலை வரை போன் போட்டுப் பார்த்துவிட்டு, காலையில் எடுத்துக்கொள்ளலாம், தண்ணீருக்கு நல்ல தூரத்தில்தானே அடுக்கியிருக்கிறோம் என்று வீட்டுக்குப் போய்விட்டோம்.

அன்று பௌர்ணமி. கடல் நன்றாக வற்றும் என்பதற்காகவே நான் அந்த நாளைத் தேர்ந்தெடுத்திருந்தேன். பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிக் கடல் எந்த அளவுக்கு வற்றுகிறதோ அந்த அளவுக்கு ஏறவும் செய்யும் என்பது மண்டையில் உறைக்கவில்லை. மறுநாள் விடியற்காலையில் போய்ப் பார்த்தால் பாதி மூட்டைகளைக் காணோம், மீதியை நாய்கள் கிழித்துப் போட்டிருந்தன. கரையெல்லாம் சிதறிக் கிடந்ததைக் கடலுக்கே திருப்பி அனுப்பி வைத்திருக்கிறோம், அதுவும் வசதியாக மூட்டை கட்டி. அதைப் பொறுக்க ஆறு பேர் வந்தோம். முந்தைய நாள் வந்தவர்களில் பலர் அப்புறம் எந்தப் பணிக்கும் வரவேயில்லை, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இப்போது நான் செய்வது இது. வண்டி எது, எத்தனை மணிக்கு வரும், எங்கே கொண்டுபோய்க் கொட்டும் என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் அழைப்பே அனுப்புவேன். அதிகாரியின் எண் போதாது, ஓட்டுநரின் எண் வேண்டும். முந்தின இரவு அவரிடம் ஒரு முறை பேசிவிட வேண்டும். மணலில் இறங்கினால் சக்கரம் புதையும், அதனால் குவிக்கும் இடம் கெட்டியான சாலையோரமாக இருக்கட்டும். நனைந்த துணியும் மணல் ஏறிய வலையும் என்ன கனம் கனக்கும் என்பது தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், சாக்கைப் பாதிக்கு மேல் நிரப்ப விடாதீர்கள். அப்புறம், மறுசுழற்சிக்குப் போகும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். வெயிலில் காய்ந்து நொறுங்கும், உப்பும் மணலும் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பழைய சாமான் எடுப்பவர்கள் பெரும்பாலும் தொடக்கூட மாட்டார்கள். முன்கூட்டியே கேட்டுவிட்டு, அவர்கள் எடுப்பதை மட்டும் தனிச் சாக்கில் போடச் சொல்லுங்கள்.

கண்ணில் பட்டதையெல்லாம் எடுக்கச் சொல்வது

கரை ஒதுங்கிய கடல்பாசி குப்பை இல்லை, சின்னப் பூச்சிகளுக்கும் அதைத் தின்ன வரும் பறவைகளுக்கும் அதுதான் பிழைப்பு. மணல்மேட்டைப் பிடித்து வைத்திருக்கும் அடம்புக்கொடியையும் பிடுங்கக் கூடாது. பாதி புதைந்த வலையை நாலு பேர் சேர்ந்து இழுப்பதைப் பார்த்திருக்கிறேன், வலை வரவில்லை, ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். வெளியே தெரிவதை வெட்டி எடுத்தால் போதும். ஊசி கிடந்தால் பொறுப்பாளர் மட்டும், இடுக்கியால், கெட்டியான மூடி போட்ட டப்பாவில். மூடிய பீப்பாய், அடையாளம் தெரியாத உலோகப் பொருள் எதுவானாலும் விலகி நின்று தகவல் சொல்ல வேண்டியதுதான்.

புது பிளாஸ்டிக் பேனர்

வேண்டாம். என்ன பொறுக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள்.

தொடக்க உரை

வெயில் ஏறுகிறது. ஐந்து நிமிடம், அதுவும் பாதுகாப்பு பற்றி மட்டும்.

எடை போட்டுவிட்டு எண்ணாமல் விடுவது

உலகம் முழுக்க ஒவ்வொரு செப்டம்பரிலும் நடக்கும் கடற்கரைச் சுத்தப் பணி 1986-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் கரையில் தொடங்கியபோதே, பொறுக்கியதை வகைவாரியாகக் குறித்துக்கொள்ளும் வழக்கமும் சேர்ந்தே வந்தது. சிகரெட் துண்டுகள்தான் எண்ணிக்கையில் பல வருடம் முதலிடம் என்பது அப்படித்தான் தெரியவந்தது. எடையில் பார்த்தால் அவை ஒன்றுமேயில்லை, ஒரு நனைந்த கயிறு ஆயிரம் துண்டுகளைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். நான்கு பேருக்கு ஓர் அட்டை கொடுங்கள், ஒருவர் எழுதட்டும், மூன்று பேர் பொறுக்கட்டும். குனிய முடியாதவர்களுக்கு எழுதும் வேலை.

ஏற்றுவதற்கு ஆள் வைக்காமல் அனைவரையும் அனுப்பிவிடுவது

அந்தப் பையனின் வண்டி கடைசியில் மூன்று மணிக்கு வந்தது. அப்போது அங்கே இருந்தது அவன், நான், ஓட்டுநர், அறுபது மூட்டை.